சொல்லாத 'பி'

ஆங்கில அகராதியில் 'பி' பகுதியை நிதானமாகப் புரட்டினால் மூன்று இடங்களில் ஒரு விசித்திரமான கூட்டம் உட்கார்ந்திருக்கும். 'பி'க்கு அடுத்து 'என்' வரும் சொற்கள், 'எஸ்' வரும் சொற்கள், 'டி' (குடிக்கிற டீ!) வரும் சொற்கள். நியூமோனியா, சைக்காலஜி, சோரியாசிஸ், சூடோ, டெரோடாக்டில். இப்போது நான் எழுதிய ஐந்தில் எங்காவது 'ப' இருக்கிறதா பாருங்கள். இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் ஐந்துக்கும் முதலெழுத்து 'பி'தான். எழுத வேண்டும், சொல்லக் கூடாது.

நம்மூர் இனிஷியல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே வந்து குடியேறிய நமக்கு இது சட்டென்று புரியும். பேங்க் ஃபாரத்தில் 'சர்நேம்' என்ற கட்டத்தைப் பார்த்துப் பேனாவை வைத்துக்கொண்டு முழித்தவர்கள்தானே நாமெல்லாம். பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து நிற்கும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆனால் அது அப்பா பெயர். இந்த 'பி'யும் அப்பா பெயர்தான். அப்பா கிரேக்கர்.

கிரேக்கர்கள் இதை வாய்விட்டு முழுசாகச் சொன்னார்கள். 'ப்ஸுகே' என்றால் மூச்சு, உயிர், ஆன்மா. சைக்காலஜி அங்கிருந்து வந்தது. 'ப்ஸெயுதோஸ்' என்றால் பொய். சூடோவுக்கு அதுதான் மூலம். 'ப்டெரோன்' என்றால் சிறகு. 'ப்னெயுமா' என்றால் காற்று, மூச்சு. 'ப்ஸ்' என்ற ஒலிக்கு அவர்களிடம் தனி எழுத்தே உண்டு. சூலாயுதம் மாதிரி இருக்குமே, காலேஜில் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் எழுதி எழுதித் தேய்த்தோமே, அதேதான். நமக்குப் பாடம் எடுத்தவர்கள் அதை 'சை' என்றார்கள். கிரேக்கர் யாராவது வகுப்பில் இருந்திருந்தால் 'ப்ஸி' என்று திருத்தியிருப்பார்.

ஐரோப்பாவில் பல பேர் இன்றும் இந்த 'ப்'பை விடவில்லை. ஜெர்மன்காரர் 'ப்ஸிகோலொகீ' என்பார். பிரெஞ்சுக்காரருக்குக் கார் டயருக்கே 'ப்ன' என்று ஆரம்பிக்கிற குட்டிச் சொல்தான். நியூமேட்டிக் டயர் என்பதன் சுருக்கம். ரஷ்யரும் விடுவதில்லை. ஆக, மனித நாக்குக்கு முடியாத வேலை ஒன்றும் இல்லை. ஆங்கில நாக்குதான் ஒத்துழைக்கவில்லை.

அதற்கும் காரணம் உண்டு. இந்தச் சொற்களில் மிகப் பழையது கிறித்தவத்தோடு வந்த 'சாம்', அதாவது நம் தமிழ் பைபிளில் சங்கீதம். பழைய ஆங்கிலத்தில் அதைப் 'பி' இல்லாமலும் எழுதியிருக்கிறார்கள். காதில் விழுந்தபடி எழுதிய எழுத்து. பிறகு லத்தீன் படித்தவர்கள் மூலத்தைப் பார்த்து 'பி'யை நிலைநிறுத்தினார்கள். மற்ற சொற்களில் பெரும்பாலானவை 16-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு, புத்தகம் வழியாக வந்தவை. அறிஞர்கள் கண்ணால் படித்து, கையால் எழுதிக் கொண்டுவந்தவை. சந்தையிலோ சமையலறையிலோ யாரும் அவற்றைப் பேசிப் பழகவில்லை. கத்திக்கும் முழங்காலுக்கும் ஆங்கிலத்தில் முன்னால் ஒரு 'கே' போடுகிறோமே, அது வேறு கதை. அந்தக் 'க்'கை ஆங்கிலேயர் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் உதிர்ந்தது. 'கே' வாயிலிருந்து விழுந்த பல். இந்தப் 'பி' முளைக்கவே இல்லை.

இதற்காக ஆங்கிலேயரைக் கிண்டல் செய்யக் கிளம்பும் முன் கிர்நாருக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம். நான் இருக்கும் வதோதராவிலிருந்து ஜூனாகட் ஒரு ராத்திரி பஸ் பயணம். கிர்நார் மலைக்குப் போகும் வழியில் ஒரு பெரிய பாறை. அதில் அசோகரின் பதினான்கு கல்வெட்டுகளும் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. கூட வருகிறவர்கள் எல்லாரும் மலைமேல் படியேறும் அவசரத்தில் இருப்பார்கள். நீங்கள் பாறையிடம் நில்லுங்கள்.

பதின்மூன்றாவது கல்வெட்டுதான் கலிங்கப் போருக்காக வருந்துவது. அதில் தன் காலத்து யவன அரசர்கள் சிலரின் பெயரை அசோகர் சொல்கிறார். ஒருவர் எகிப்தை கி.மு. 246 வரை ஆண்ட இரண்டாம் டாலமி. கிரேக்கத்தில் அவர் பெயர் 'ப்டோலெமாயோஸ்'. கல்வெட்டில் என்ன இருக்கிறது தெரியுமா? கிர்நாரில் 'துரமாய'. வேறிடத்துப் பிரதியில் 'துலமய'. 'ப்' போயே போச்சு! ஆங்கிலம் என்ற மொழியே பிறக்காத கி.மு. 3-ஆம் நூற்றாண்டில், பிராகிருதம் பேசிய வாய் அந்தப் 'ப்'பை விழுங்கியிருக்கிறது. சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வருவது பிராகிருதத்துக்கு ஆகாது.

கொசுறாக ஒன்று. இந்தக் கல்வெட்டு கிர்நாரில் நிறையச் சிதைந்திருக்கிறது. நன்றாக இருக்கும் மற்ற பிரதிகளோடு சேர்த்துப் படித்தால், யவன அரசர் பட்டியல் முடிந்த கையோடு வருகிறவர்கள் நம்ம சோழரும் பாண்டியரும். டாலமியும் பாண்டியனும் ஒரே மூச்சில்!

தமிழ் மட்டும் என்ன செய்தது? மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வராது என்று தொல்காப்பியம் கறாராகச் சொல்லிவிட்டது. நன்னூல், வடசொல் எப்படித் தமிழாக வேண்டும் என்று விதியே போட்டது. ஸ்தலம் தலம் ஆயிற்று. ஸ்தம்பம் தம்பம் ஆயிற்று. ஸ்கந்தன் நமக்குக் கந்தன். (கிர்நார் பாறையிலேயே 5-ஆம் நூற்றாண்டு ஸ்கந்தகுப்தனின் சமஸ்கிருதக் கல்வெட்டும் உண்டு, 'ஸ்'ஸோடு.) இங்கே என் பக்கத்து வீட்டுப் பெரியவர் 'இஸ்கூல்' என்கிறார், என் பாட்டியும் 'இஸ்கூல்' என்றுதான் சொன்னாள். ஒரு மொழி முன்னால் உயிரைச் சேர்க்கும், ஒரு மொழி மெய்யைத் தின்னும். வாய்க்கு வேண்டியது வழி.

ஒரே ஒரு வித்தியாசம். நாம் சொல்லாததை எழுதவும் இல்லை. தலம் என்றால் தலம்தான். முன்னால் ஊமை 'ஸ்' ஒன்றை நிறுத்தி வைக்கவில்லை. ஆங்கிலம் வாயிலிருந்து விட்டதைக் காகிதத்தில் விடவில்லை.

எங்கள் வீட்டு எட்டாம் வகுப்பு இதைத்தான் கேட்டாள். பள்ளிகளுக்கிடையே ஏதோ ஸ்பெல்லிங் போட்டி. டைனிங் டேபிள் முழுக்கச் சீட்டுகள். தங்கமணி சொல்லைப் படிக்க, இவள் எழுத்தெழுத்தாக ஒப்பிக்க வேண்டும். 'டோசிஸ்' என்றதும் 'டி'யில் ஆரம்பித்தாள். தப்பு.

"சொல்லவே போறதில்லைன்னா எதுக்குப்பா எழுதணும்?"

நியாயமான கேள்விதானே? அமெரிக்காவில் 1925 முதல் நடக்கிற தேசிய ஸ்பெல்லிங் போட்டியில் 1948-இல் சாம்பியனைத் தீர்மானித்த சொல் 'சைக்கியாட்ரி'. 1982-இல் 'சோரியாசிஸ்'. இரண்டும் நம்ம ஊமைப் 'பி' ஜாதி. பிள்ளைகளை மாட்டிவிடுவதற்கென்றே இந்த எழுத்தை வைத்திருக்கிறார்களோ என்று தோன்றும்.

பெரியவர்களும் இதைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியைத் தொகுத்த ஜேம்ஸ் மர்ரே காலத்தில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 'பி' பகுதி வெளிவந்தது. இந்த 'பி'யைச் சொல்லாமல் விடுவது படித்தவர்களுக்கு அழகல்ல, சொல்லின் பிறப்பே மறைந்துபோகிறது என்று அகராதி முகம் சுளித்தது. 1926-இல் ஃபௌலர் தன் புகழ்பெற்ற ஆங்கில வழக்குக் கையேட்டில் இன்னும் ஒருபடி போனார். கல்வி பரவப் பரவ மக்கள் இந்தப் 'பி'யைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், சங்கீதத்துக்கு உரிய சொல்லும் அதன் குடும்பமும் மட்டும் பழையபடி இருக்கும் என்று ஜோசியம் சொன்னார். நூறு வருஷம் ஆகப்போகிறது. ஒருத்தரும் சொல்லக் காணோம். மொழி விஷயத்தில் ஜோசியம் சொல்வது கிரிக்கெட்டில் சொல்வதைவிட ஆபத்து.

ஆனால் பலருக்கு இந்த எழுத்தின் மேல் ஒரு மயக்கம் இருந்தது உண்மை. ஸ்காட்லாந்தின் குளிர் மலைகளில் ஒரு பறவை உண்டு, பனிக்காலத்தில் வெள்ளையாகிவிடும். அந்த ஊர் கேலிக் மொழியில் 'தார்மகன்' போல ஒலிக்கும் பெயர். கிரேக்கத்துக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. 1684-இல் ராபர்ட் சிப்பால்ட் என்ற அறிஞர் அதை எழுதும்போது முன்னால் ஒரு 'பி' போட்டுவிட்டார். பறவை, சிறகு, ப்டெரோன் என்று மனசுக்குள் முடிச்சு விழுந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து டார்மிகன் என்ற அந்தப் பறவை தன்னுடையதல்லாத இனிஷியலைச் சுமந்துகொண்டு அலைகிறது. உட்ஹவுஸ் ரசிகர்களுக்கு ஸ்மித் ஞாபகம் வந்திருக்கும். ஊரில் ஸ்மித்துகள் அதிகமாகிவிட்டார்கள் என்று தன் பெயருக்கு முன்னால் தானே ஓர் ஊமைப் 'பி'யை ஒட்டிக்கொண்ட ஆசாமி. சிப்பால்ட் சீரியஸாகச் செய்ததை அவர் வேடிக்கையாகச் செய்தார்.

இதற்கு எதிர்க்கதையும் உண்டு. 1784-இல் கோசிமோ கொல்லினி என்பவர் ஜெர்மனியின் சுண்ணாம்புக் கல்லில் கிடைத்த ஓர் எலும்புக்கூட்டைப் பற்றி எழுதினார். (இவர் முன்பு வால்ட்டேரின் செயலாளராக இருந்தவர்.) அது பறக்கும் ஊர்வன என்று கண்டுபிடித்தவர் பிரான்சின் கூவியே. 1809-இல் 'சிறகுவிரல்' என்ற பொருளில் டெரோடாக்டில் என்று பெயர் வைத்தார். அச்சில் எழுத்து இடம் மாறி 'பெட்ரோ-டாக்டில்' என்று வந்துவிட்டது. பெட்ரோ என்றால் கல். கல்லில் கிடைத்ததால் அதுவும் பொருத்தம்தான் :-) பிற்பாடு திருத்தினார்கள்.

இனி மகளுக்குச் சொன்ன பதில். இந்த 'பி' எப்போதும் ஊமை இல்லை. முன்னால் ஓர் உயிர் வந்து கை கொடுத்தால் பேசும். ஹெலிகாப்டர்! 1861-இல் பிரெஞ்சுக்காரர் பொந்தோன் தமேகூர் கட்டிய சொல். 'ஹெலிகோ' என்றால் திருகு, 'ப்டெர்' என்றால் சிறகு. திருகுச் சிறகு. நாமெல்லாம் ஹெலி, காப்டர் என்று தப்பான இடத்தில் வெட்டி ஹெலிபேட் கட்டிவிட்டோம். அந்த 'ப்டர்'தான் டெரோடாக்டிலில் ஊமையாக நிற்கும் அதே சிறகு. விலங்கியல் படித்தவர்கள் லெபிடாப்டெரா, டிப்டெரா என்று உருப்போட்டது ஞாபகம் இருக்கும். எல்லாமே சிறகு. தூக்கத்தில் மூச்சு நிற்கும் 'அப்னியா'வில் பேசும் 'ப்', நியூமோனியாவில் பேசாது. மற்ற ஊமைகளும் இப்படியே. நாஸ்டிக்கில் 'ஜி' மௌனம், அக்னாஸ்டிக்கில் கேட்கிறது. ஞாபகத்துக்கு உதவும் நிமோனிக்கில் 'எம்' மௌனம், ஞாபகம் போகும் அம்னீஷியாவில் கேட்கிறது.

விதி என்று சொல்லிவிட முடியாது. பாராசைக்காலஜி, பிராங்கோநியூமோனியா என்ற இடங்களில் முன்னால் உயிர் வந்தும் 'பி' வாய் திறப்பதில்லை. இரண்டு தனிச்சொல்லை ஒட்டியது என்று ஆங்கிலக் காது நினைத்துக்கொள்கிறது.

இந்தக் குழப்பம் ஒரு முறை விஞ்ஞானக் கட்டுரைக்குள்ளேயே வந்தது. 1972-இல் கெர், வைலி, கரி என்ற மூவர், உடம்பில் செல்கள் ஒழுங்குமுறையாகத் தாமே இறப்பதைப் பற்றி எழுதினார்கள். அதற்கு ஒரு பெயர் வேண்டும். அபர்டீன் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக் எடுத்துக்கொடுத்தார்: அபாப்டோசிஸ். மரத்திலிருந்து இலை உதிர்வது, பூவிலிருந்து இதழ் உதிர்வது. எவ்வளவு அழகான பெயர்! கூடவே ஆசிரியர்கள், இரண்டாவது 'பி'யைச் சொல்லாமல் 'அபோ-டோசிஸ்' என்று உச்சரிக்கும்படி அடிக்குறிப்பில் கேட்டுக்கொண்டார்கள். கண் இமை தொங்கிப்போவதற்கு டோசிஸ் என்று பெயர் உண்டல்லவா, மகள் தப்பு விட்ட அதே சொல், அதன் உறவு தெரிய வேண்டுமாம். உலகம் கேட்டதா? பாதிப் பேர் கேட்டார்கள், பாதிப் பேர் ஹெலிகாப்டர் பக்கம் போய்விட்டார்கள். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு செல்களின் இந்தத் திட்டமிட்ட இறப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்கும் சேர்த்துக் கிடைத்தது. உச்சரிப்பு மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

எனக்குச் சோறு போடுவது 'நியூமோ' குடும்பம். பிளான்ட்டில் கம்ப்ரஸர், ஏர் லைன், நியூமேட்டிக் வால்வு என்று இருபது வருஷம். அதனால் இந்த முன்னொட்டின் மேல் ஒரு பாசம்.

'ப்னெயுமா' காற்று, 'ப்னெயுமோன்' நுரையீரல். இரண்டாவது சொல் முதலில் 'ப்லெயுமோன்' என்றுதான் இருந்தது. மூச்சு நினைப்பில் கிரேக்கரே 'ல'வை 'ன' ஆக்கிவிட்டார்கள். அதனால் இந்தக் குடும்பத்தில் பாதிச் சொற்கள் காற்றைப் பற்றியவை, பாதி நுரையீரலைப் பற்றியவை. நியூமேட்டாலஜி என்றால் கிறித்தவ இறையியலில் பரிசுத்த ஆவியைப் பற்றிய பகுதி. தமிழில் 'ஆவி' என்று மொழிபெயர்த்தவர் கெட்டிக்காரர். மூச்சு, நீராவி, உயிர், பேய் என்று கிரேக்கச் சொல் எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் கிட்டத்தட்ட ஆவியும் போகும். நியூமேட்டஃபோர் என்ற சொல்லுக்குப் பிச்சாவரம் போனவர்களுக்கு அகராதி வேண்டாம். அலையாத்தி மரங்களைச் சுற்றிச் சேற்றிலிருந்து ஆணி மாதிரி நிமிர்ந்து நிற்குமே, அந்தச் சுவாச வேர்.

இந்தக் குடும்பத்தின் மகா நீளமான பிள்ளையை நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். விருந்தாளி வந்தால் "அங்கிளுக்கு அந்தப் பெரிய வேர்டைச் சொல்லிக் காட்டு" என்போமே, அது: நியூமோனோ-அல்ட்ரா-மைக்ரோஸ்கோபிக்-சிலிக்கோ-வால்கேனோ-கோனியோசிஸ். ஆங்கிலத்தில் 45 எழுத்து. முதலெழுத்து நம்ம ஊமை. வெட்டிப் பார்த்தால் பயமே இல்லை. நுரையீரல், மிக, நுண்ணிய, சிலிக்கா, எரிமலை, தூசு, நோய். எரிமலையின் மிக நுண்ணிய சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய். 1935 பிப்ரவரியில் அமெரிக்கப் புதிர்ப் பிரியர்கள் சங்கத்தின் தலைவர் எவரெட் ஸ்மித், மிக நீளமான சொல் ஒன்று வேண்டும் என்பதற்காகவே கட்டியது. நியூயார்க் ஹெரால்ட் டிரிப்யூன் செய்தி போட்டது. பிறகு அகராதிகளிலும் ஏறிவிட்டது.

சொல் விளையாட்டுக்குக் கட்டியது. நோய் விளையாட்டு இல்லை. நடுவிலிருக்கும் அலங்காரத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நியூமோகோனியோசிஸ், தூசு படிந்த நுரையீரல். ஜெர்மன் மருத்துவர் ஜென்கர் 1860-களில் வைத்த பெயர். சிலிக்கா தூசியால் வந்தால் சிலிக்கோசிஸ். கல் உடைப்பவர், மணற்பாறை வெட்டுபவர், சுரங்கம் தோண்டுபவர் எல்லாருக்கும் வரும். உள்ளே போன தூசு வெளியே வராது. நுரையீரல் தழும்பாகி இறுகும். குணப்படுத்த மருந்து கிடையாது.

என் தொழிலுக்கும் இதில் பங்குண்டு என்பது இதைத் தேடிப் படித்தபோதுதான் உறைத்தது. சுத்தியலால் உளியை அடித்துப் பாறையைத் துளைத்த காலத்தில் தூசு குறைவு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அழுத்தக் காற்றில் ஓடும் துளைப்பான், அதாவது நியூமேட்டிக் டிரில், வந்தது. வேலை பல மடங்கு வேகம், தூசும் பல மடங்கு. அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர்கள் அந்த இயந்திரத்துக்கு வைத்த பட்டப்பெயர் 'விதவையாக்கி'. நியூமேட்டிக் டிரில்லும் நியூமோகோனியோசிஸும் அகராதியில் பக்கத்துப் பக்கத்து வீடு. முன்னொட்டு ஒன்றே, ஒன்றில் காற்று, மற்றதில் நுரையீரல்.

ஸ்மித் அந்த 45 எழுத்தைக் கோத்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1930-இல் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் மலையைக் குடைந்து நீர் மின்சாரத்துக்காக ஒரு சுரங்கப்பாதை தோண்டத் தொடங்கினார்கள். வேலை யூனியன் கார்பைடு நிறுவனத்துக்காக. (ஆமாம், போபால் யூனியன் கார்பைடுதான்.) பாறையில் சிலிக்கா மிக அதிகம். உள்ளே இறங்கியவர்கள் சுமார் 3000 பேர். பெரும்பாலும் தெற்கு மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பினத்தவர்கள். தண்ணீர் விட்டுத் துளைத்தால் தூசு அடங்கும். ஆனால் வேகம் குறையும். உலர்வாகவே துளைத்தார்கள். வருஷக்கணக்கில் வரவேண்டிய நோய் மாதக்கணக்கில் வந்தது. 1936-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. இறந்தவர் எத்தனை பேர் என்று அப்போது யாரும் சரியாக எண்ணவில்லை. வந்தவர்களில் பலர் ஊர் திரும்பிவிட்டார்கள், ஊரில் இறந்தார்கள். 1986-இல் மார்ட்டின் செர்னியாக் என்ற மருத்துவர் கணக்கிட்டு எழுதிய மதிப்பீடு 764.

தண்ணீர் விட்டுத் துளைப்பது அப்போது புதுக் கண்டுபிடிப்பா? இல்லை. ஜார்ஜ் லேனர் என்ற அமெரிக்கர், துளையுளியின் நடுவே ஓட்டை போட்டுத் தண்ணீர் பாய்ச்சும் டிரில்லை 1890-களிலேயே செய்துவிட்டார்.

நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கம்பாத் இரண்டு மணி நேரப் பயணம். அகீக் என்கிற மணிக்கல் வேலைக்குப் பெயர் போன ஊர். நம் கொடுமணலிலும் கீழடியிலும் கிடைத்த சூதுபவள மணிகளுக்கான கல் இந்தக் குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்று தொல்லியலாளர்கள் கருதுகிறார்கள். அவ்வளவு பழைய உறவு. அந்த மணிகளை இன்றும் வீடுகளிலேயே சாணைச் சக்கரத்தில் பிடித்துத் தேய்க்கிறார்கள். தூசு தேய்ப்பவருக்கு மட்டுமல்ல, அதே கூரையின் கீழ் இருக்கும் குடும்பத்துக்கும்தான். அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் இவர்களின் சிலிக்கோசிஸை ஆராய்ந்து எழுதியிருக்கிறது.

வடக்கே கோத்ராவில் வேறு விதம். அங்கே குவார்ட்ஸ் கல்லை மாவாக அரைக்கும் ஆலைகள். வேலைக்கு வந்தவர்கள் மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா பக்கத்து ஆதிவாசிகள். நம்மைப் போலவே ஊரை விட்டு வந்தவர்கள்தான்; நமக்கு ஏ.சி. அறை, அவர்களுக்கு மாவு மில். 2016-இல் உச்ச நீதிமன்றம், இறந்துபோன 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி குஜராத் அரசுக்கு உத்தரவிட்டது.

இந்த நோயில் பெயர்தான் பெரிய பிரச்சினை. இருமல், மூச்சிரைப்பு, உடம்பு இளைப்பது எல்லாம் காசநோய் மாதிரியே இருக்கும். காசநோய் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இந்தக் குழப்பமும் பழையது. காசநோய்க்கு ஆங்கிலத்தில் ஒரு பழைய பெயர், தைசிஸ் (டைசிஸ் என்றும் சொல்வார்கள்). அதுவும் நம்ம ஊமைக் கூட்டம்தான். 'பி', 'ஹெச்', 'டி', 'ஹெச்' என்று நான்கு மெய் வரிசையாக நிற்கும், பாதி பேசாது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் தூசியால் செத்தவர்களின் நோயையும் 'சுரங்கக்காரர் தைசிஸ்' என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரிலேயே 1911-லும் 1912-லும் சட்டங்கள் வந்தன. காசநோய் என்றால் அது கிருமியின் குற்றம். சிலிக்கோசிஸ் என்றால் அது வேலை கொடுத்தவரின் கணக்கில் வரும்.

மகளிடம் இத்தனையும் சொல்லவில்லை. 45 எழுத்தை வெட்டி வெட்டி எழுதிக் காட்டினேன். 'கோனியோ' என்றால் தூசு என்பதுவரை வந்தோம். சிலிக்கோ எங்கே இருக்கும் என்று கேட்டாள். மணல், கல், கண்ணாடி என்றேன். அப்புறம் அந்தச் சொல்லில் அவள் தப்பு விடவில்லை.

2019-இல் ராஜஸ்தான் அரசு இந்த நோய்க்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்தது. அதன் பெயரிலேயே நியூமோகோனியோசிஸ் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் முன்னால் 'பி' நிற்கும். ஹிந்தியில் 'ந்யூ' என்றே ஆரம்பிக்கிறது, துரமாய போல. நோயாளியைச் சோதித்துச் சான்றிதழ் தரும் மருத்துவர் குழுவுக்கும் அங்கே நியூமோகோனியோசிஸ் போர்டு என்றுதான் பெயர். குவாரியில் கல் வெட்டியவர் அந்தச் சொல்லை வாயில் நுழைத்துச் சொல்ல முடிகிறதோ இல்லையோ, போர்டு கொடுக்கும் காகிதம் கையில் இருந்தால்தான் பணம் வரும்.